அதிர்வலையும் குளிர்முகப்பும்: பேரடைக் கொத்துகள் மோதும்போது என்ன நடக்கிறது?

அதிர்வலை என்றால் என்ன என்று எங்கள் வாசகர்களில் பெரும்பாலானோருக்கு நான் விளக்கத் தேவையில்லை. செல் விழுந்து வெடித்தபோது காது அடைத்ததும், நெஞ்சில் யாரோ ஓங்கி அறைந்தது போல இருந்ததும், யன்னல் கண்ணாடிகள் உடைந்து கொட்டியதும் பலருக்கு நினைவிருக்கும். அதை நாங்கள் சத்தம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அங்கே நடந்தது வேறு. காற்று விலகுவதற்கு அவகாசம் கிடைக்காமல் ஒரேயடியாக நெருக்கப்பட்டது. அந்த நெருக்கம் ஒரு மெல்லிய சுவர் போல ஒலியை விட வேகமாக முன்னேறியது. அந்தச் சுவரைத்தான் பௌதிகவியல் அதிர்வலை என்று அழைக்கிறது.

இதே விதி வானத்திலும் வேலை செய்கிறது. அங்கே மோதுபவை பேரடைக் கொத்துகள். மோதல் முடிய நூறு கோடி ஆண்டுகள் வரை எடுக்கும். அதில் எழும் அதிர்வலைகளும், அவற்றைப் போலவே தோற்றமளித்து ஆய்வாளர்களைக் குழப்பிய குளிர்முகப்புகளும் பற்றியதே இந்தக் கட்டுரை.

நான் விஞ்ஞானி அல்ல. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றுச் சுயாதீனமாக எழுதுபவன். இந்த விடயம் என்னை ஈர்த்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. எவரும் நேரில் காணாத, சாட்சி என்று எவரும் இல்லாத ஒரு மோதலை, அது விட்டுச்சென்ற தடயங்களை மட்டும் வைத்து ஆய்வாளர்கள் எப்படித் திருப்பிக் கட்டியெழுப்புகிறார்கள் என்று அறிய விரும்பினேன். ஒரு படத்தைக் காட்டி “இதுதான் நடந்தது” என்று பலமுறை சொல்லப்பட்ட எங்களுக்கு அந்த முறையைத் தெரிந்து வைத்திருப்பது பயன்படும்.

பேரடைக் கொத்து என்பது எது?

எங்கள் சூரியன் பால்வீதி என்ற பேரடையில் உள்ள ஒரு நட்சத்திரம். பால்வீதியில் பத்தாயிரம் கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்கள் உள்ளன. இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேரடைகள் ஈர்ப்பு விசையால் ஒன்றாகக் கட்டுண்டு இருப்பதே பேரடைக் கொத்து. ஒரு பெரிய கொத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒளி சென்று சேர ஒரு கோடி ஆண்டுகள் வரை எடுக்கும்.

படத்தில் கண்ணுக்குத் தெரிவது பேரடைகள்தான். ஆனால் கொத்தின் மொத்தத் திணிவில் நட்சத்திரங்களின் பங்கு சில சதவீதம் மட்டுமே. பேரடைகளுக்கு இடையே பரவிக் கிடக்கும் வெப்ப வாயு அதைப் போலப் பல மடங்கு. மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு அது இருக்கும். எஞ்சிய ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டது கரும்பொருள். அது ஒளியை உமிழ்வதும் இல்லை, மறைப்பதும் இல்லை. அதன் ஈர்ப்பை வைத்தே அது இருப்பதை அறிகிறோம். 1933 ஆம் ஆண்டிலேயே பிரிட்ஸ் சுவிக்கி என்ற வானியலாளர் கோமா கொத்தின் பேரடைகள் ஓடும் வேகத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத திணிவு அங்கே ஏராளமாக இருக்க வேண்டும் என்று கூறினார்.

இந்தக் கட்டுரையின் மையப் பொருள் அந்த வாயுதான். அதன் வெப்பநிலை ஒரு கோடி முதல் பத்துக் கோடி பாகை வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் செல்லும். அடர்த்தியோ மிகக் குறைவு. ஒரு கன மீற்றரில் ஆயிரக்கணக்கான துணிக்கைகள்தான் இருக்கும். நாங்கள் சுவாசிக்கும் காற்றின் ஒரு கன மீற்றரில் உள்ள மூலக்கூறுகளை எழுத 26 இலக்கங்கள் வேண்டும். இவ்வளவு வெப்பமான வாயு சாதாரண ஒளியை விட எக்ஸ் கதிர்களையே அதிகம் வெளியிடும். எக்ஸ் கதிர்களைப் பூமியின் வளிமண்டலம் தடுத்துவிடுவதால் அவற்றைப் பார்க்க விண்வெளிக்குத்தான் செல்ல வேண்டும். 1970 டிசம்பரில் ஏவப்பட்ட உஹுரு செய்மதிதான் கொத்துகளில் எக்ஸ் கதிர்கள் பரவலாக வருவதை உறுதிப்படுத்தியது.

ஒலியை முந்தும் மோதல்

இரண்டு கொத்துகள் ஒன்றையொன்று இழுத்து நெருங்கும்போது அவற்றின் வேகம் செக்கனுக்கு இரண்டாயிரம் கிலோமீற்றரைத் தாண்டும். அந்த வாயுவில் ஒலி செல்லும் வேகம் செக்கனுக்கு ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் அளவில்தான். ஆகவே மோத வரும் கொத்து, தன் வருகையை முன்னே உள்ள வாயுவுக்கு ‘அறிவிக்கும்’ ஒலியையே முந்திவிடுகிறது. விலக அவகாசமில்லாத வாயு நெருக்கப்படுகிறது. அதிர்வலை எழுகிறது. ஒலியை விட வேகமாகப் பறக்கும் விமானத்தின் முன்னால் எழுவதும் இதுவே.

பெரு வெடிப்புக்குப் பின்னர் பிரபஞ்சத்தில் நடக்கும் நிகழ்வுகளில் அதிக சக்தி வெளிப்படுவது இந்த மோதல்களில்தான். சூரியன் தன் வாழ்நாளான ஆயிரம் கோடி ஆண்டுகளிலும் வெளியிடும் மொத்தச் சக்தியைப் போலப் பல லட்சம் கோடி மடங்கு சக்தி ஒரு பெரிய மோதலில் வெளிப்படும். ஆனாலும் அது ஒரு நொடியில் நிகழும் வெடிப்பு அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகள் நீளும் ஒரு ஊடுருவல் அது. பேரடைகளுக்கு இடையே தூரம் மிக அதிகம் என்பதால் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று தொடாமலே கடந்து போய்விடும். வாயுவால் அப்படிக் கடக்க முடியாது. மோதலின் அடியை வாங்குவது வாயுதான்.

எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறொன்று

1990 களில் ரோசாட் என்ற செய்மதி எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களில் ஏபெல் 3667 என்ற கொத்தில் ஒரு கூர்மையான விளிம்பு தெரிந்தது. ஒரு பக்கம் பிரகாசம், மறுபக்கம் திடீரென மங்கல். மோதும் கொத்தில் இப்படி ஒரு விளிம்பு இருந்தால் அது அதிர்வலையாகத்தான் இருக்கும் என்று கருதுவதற்கு நியாயம் இருந்தது.

1999 யூலையில் நாசாவின் கொலம்பியா விண்ணோடம் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை விண்ணுக்கு எடுத்துச் சென்றது. தொலைநோக்கிக்கு அந்தப் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைக்கப்பட்டது. 1910 இல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர் அவர். அதுவரை இருந்த எந்த எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை விடவும் சந்திராவின் பார்வை கூர்மையானது.

2000 ஆம் ஆண்டில் மக்சிம் மார்க்கெவிச்சும் உடன் ஆய்வாளர்களும் ஏபெல் 2142 என்ற கொத்தின் சந்திரா தரவுகளை வெளியிட்டார்கள். அங்கும் கூர்மையான விளிம்புகள் இருந்தன. சந்திராவால் விளிம்பின் இரு பக்கத்து வெப்பநிலையையும் தனித்தனியாக அளக்க முடிந்தது. அளந்தபோது முடிவு எதிர்மாறாக இருந்தது. அதிர்வலை கடந்து சென்ற வாயு அடர்த்தியாவதோடு சூடாகவும் வேண்டும். இங்கோ அடர்த்தியான பக்கம்தான் குளிர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு அலெக்சி விக்லினின் தலைமையிலான ஆய்வு ஏபெல் 3667 இன் விளிம்பும் அப்படிப்பட்டதே என்று காட்டியது. அங்கே உட்பக்கம் ஏறத்தாழ 5 கோடி பாகை, வெளிப்பக்கம் 9 கோடி பாகை.

இப்படித்தான் குளிர்முகப்பு என்ற பெயர் வந்தது. வானிலை அறிக்கைகளில் குளிர்ந்த காற்றுத் திரளும் வெப்பக் காற்றுத் திரளும் சந்திக்கும் எல்லைக்கு வழங்கும் பெயரே இங்கும் எடுத்தாளப்பட்டது. ஐந்து கோடி பாகையைக் குளிர் என்று சொல்வது விந்தையாக இருக்கலாம். பக்கத்தில் இருப்பது ஒன்பது கோடி என்றால் ஐந்து கோடி குளிர்தான்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரகாசம் வாயுவின் அடர்த்தியைக் காட்டுகிறது. இரண்டிலும் ஒரு பக்கம் அடர்த்தி கூடவும் மறுபக்கம் குறையவும் இருப்பதால் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். அடர்த்தியான பக்கம் சூடா, குளிரா?

அதிர்வலை என்றால் அடர்த்தியான பக்கம் சூடாக இருக்கும். அடர்த்தியும் வெப்பமும் சேர்ந்து கூடுவதால் அமுக்கமும் அங்கே பெருமளவு பாயும். வாயு அந்த எல்லையைக் கடந்து செல்கிறது. கடக்கும்போது நெருக்கப்பட்டுச் சூடாகிறது.

குளிர்முகப்பு என்றால் அடர்த்தியான பக்கம் குளிர்ந்திருக்கும். அடர்த்தி கூடிய அளவுக்கு வெப்பம் குறைவதால் இரு பக்கத்து அமுக்கமும் ஏறக்குறையச் சமமாகிவிடும். எல்லையை வாயு கடப்பதில்லை. வெவ்வேறு இடத்திலிருந்து வந்த இரண்டு வாயுத் திரள்கள் கலக்காமல் தோளோடு தோள் நிற்கும் இடம் அது.

அதிர்வலையில் அடர்த்தி எத்தனை மடங்கு பாய்கிறது என்பதை வைத்து அதன் வேகத்தையும் கணக்கிடலாம். வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது மாக் எண். ஒலியைப் போல மூன்று மடங்கு வேகம் என்றால் மாக் 3. அப்போது இந்த வகை வாயுவின் அடர்த்தி சரியாக மூன்று மடங்காகும், வெப்பநிலை ஏறத்தாழ 3.7 மடங்காகும். அதிர்வலை எவ்வளவு பலமாக இருந்தாலும் அடர்த்தி நான்கு மடங்கைத் தாண்டாது. மேலதிகச் சக்தி முழுவதும் வெப்பமாகப் போய்விடும். ஆகவே ஒரு படத்தில் அடர்த்தியையும் வெப்பத்தையும் அளந்தால், அசைவே தெரியாத ஒன்றின் வேகத்தைக் கூறிவிடலாம்.

ஒரே படத்தில் இரண்டும்

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு புல்லட் கொத்து. புல்லட் என்றால் துப்பாக்கி ரவைதான். அதன் எக்ஸ் கதிர்ப் படத்தில் ரவை வடிவிலான ஒரு வாயுத் திரள் முனையை நீட்டிக்கொண்டு செல்வது தெரியும். அதன் ஒளி எங்களை வந்தடைய ஏறத்தாழ 340 கோடி ஆண்டுகள் எடுத்திருக்கிறது.

2002 இல் மார்க்கெவிச் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி ரவையின் முனை ஒரு குளிர்முகப்பு. அதற்குச் சற்று முன்னால், படகின் முன்னே தண்ணீர் வளைவது போல, இன்னொரு மங்கலான வளைவு இருக்கிறது. அது அதிர்வலை. அதைக் கடந்த வாயு 20 கோடி பாகைக்கு மேல் சூடாகியிருக்கிறது. மாக் எண் 3. சிறிய கொத்து ஒன்று பெரிய கொத்தின் நடுவைத் துளைத்து வெளியேறி ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள் ஆன நிலையில் நாங்கள் அதைப் பார்க்கிறோம்.

அதிர்வலையின் வேகம் செக்கனுக்கு 4,700 கிலோமீற்றர் எனக் கணக்கிடப்பட்டது. கொத்தே அந்த வேகத்தில் செல்கிறது என்றால் பிரபஞ்சம் பற்றிய வழக்கமான கொள்கைக்குள் அதை அடக்குவது கடினம். 2007 இல் வொல்கர் ஸ்பிரிங்கலும் கிளெனிஸ் பராரும் கணினி உருவகப்படுத்தல் மூலம் விடை கண்டார்கள். முன்னே உள்ள வாயு சும்மா நிற்கவில்லை. அதுவும் ஈர்ப்பால் எதிரே வந்துகொண்டிருக்கிறது. அதிர்வலையின் வேகம் அந்த எதிர்வரும் வாயுவை ஒப்பிட்டு அளந்த வேகம். கொத்தின் உண்மை வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர்தான். அளந்த எண் சரியாக இருந்தது. எதை ஒப்பிட்டு அளந்தது என்பதில்தான் விளக்கம் தேவைப்பட்டது.

2006 ஓகஸ்டில் டக்ளஸ் குளோவும் உடன் ஆய்வாளர்களும் இதே கொத்தில் திணிவு எங்கே இருக்கிறது என்று அளந்தார்கள். பின்னணியில் உள்ள பேரடைகளின் ஒளியை ஈர்ப்பு எவ்வளவு வளைக்கிறது என்பதே அளவுகோல். கரும்பொருள் இல்லை என்றால் பெரும்பகுதித் திணிவு வாயு இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஏனெனில் சாதாரணப் பொருளில் வாயுதான் அதிகம். ஆனால் திணிவின் மையங்கள் வாயுவை விட்டு விலகி, பேரடைகளோடு சேர்ந்து இரு புறமும் இருந்தன. வாயு மோதித் தடைப்பட்டுப் பின்தங்க, கரும்பொருள் தடையின்றிக் கடந்து போயிருக்கிறது. கரும்பொருள் இருப்பதற்கான வலுவான ஆதாரங்களில் ஒன்றாக இது இன்றும் காட்டப்படுகிறது.

தளும்பும் வாயு

நேருக்கு நேர் மோதினால்தான் குளிர்முகப்பு உருவாகும் என்றில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது தண்ணீர் தளும்புகிறது. அதுபோல, சிறிய கொத்து ஒன்று ஒதுங்கிக் கடந்து போனாலே பெரிய கொத்தின் நடுவில் உள்ள குளிர்ந்த வாயு ஈர்ப்பால் அசைந்து பல நூறு கோடி ஆண்டுகள் தளும்பும். ஒவ்வொரு தளும்பலிலும் ஒரு குளிர்முகப்பு. எல்லாம் சேர்ந்து சுருள் வடிவில் தெரியும். 2006 இல் யாகோ அஸ்காசிபாரும் மார்க்கெவிச்சும் கணினியில் இதைச் செய்து காட்டினார்கள்.

பேர்சியஸ் கொத்து எங்களிலிருந்து 24 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதில் உள்ள ஒரு குளிர்முகப்பு இருபது லட்சம் ஒளியாண்டு நீளமானது. அது 500 கோடி ஆண்டுகளாக வெளிநோக்கிப் பயணம் செய்வதாக 2018 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதாவது அதன் வயது எங்கள் பூமியின் வயதை விட அதிகம். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அதன் விளிம்பு கரையாமல் கூர்மையாக இருக்கிறது.

இங்கேதான் புதிர் இருக்கிறது. சூடான வாயுவையும் குளிர்ந்த வாயுவையும் பக்கத்தில் வைத்தால் அவை கலந்து சமமாக வேண்டும். ஏபெல் 3667 இல் எல்லையின் தடிப்பு, அந்த வாயுவில் ஒரு துணிக்கை இன்னொன்றில் மோதாமல் செல்லும் சராசரித் தூரத்தை விடவும் குறைவு. துணிக்கைகள் எல்லையைத் தாண்டாமல் ஏதோ ஒன்று தடுக்கிறது. அது காந்தப்புலம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மோதலில் வாயு நீண்டு இழுபடும்போது காந்தப்புலக் கோடுகள் எல்லையோடு ஒட்டித் துணிபோலப் போர்த்திக்கொள்கின்றன. இலத்திரன்கள் அந்தக் கோடுகளைக் குறுக்கே கடப்பது கடினம். பூமியின் காந்தப்புலத்தை விடப் பல்லாயிரம் மடங்கு பலவீனமான ஒரு புலம் இவ்வளவு காலம் ஒரு எல்லையைக் காத்து நிற்கிறது.

வானொலித் தொலைநோக்கியில் தெரியும் வடு

அதிர்வலை கொத்தின் ஓரத்தை நெருங்கும்போது வாயு ஐதாகிவிடுவதால் எக்ஸ் கதிரில் அதைக் காண்பது கடினம். அப்போது உதவுவது வானொலித் தொலைநோக்கி. அதிர்வலை கடக்கும்போது ஒரு பகுதி இலத்திரன்கள் ஒளியை நெருங்கும் வேகத்துக்கு முடுக்கப்படுகின்றன. அவை காந்தப்புலத்தில் சுழன்று வானொலி அலைகளை வெளியிடும். கொத்தின் ஓரத்தில் நீண்ட வில் போல இவை தெரியும். ஆய்வாளர்கள் இவற்றை வானொலி எச்சங்கள் என்கிறார்கள். 2010 இல் ரைனவுட் வான் வீரன் குழுவினர் வெளியிட்ட ஒரு எச்சம் ஏறத்தாழ அறுபது லட்சம் ஒளியாண்டு நீளம் கொண்டது. அதன் வடிவத்தைப் பார்த்து ‘சொசேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். ஏபெல் 3667 இன் இரு ஓரங்களிலும் இப்படிப்பட்ட எச்சங்கள் உண்டு. முன்னர் அதிர்வலை என்று நினைத்த விளிம்பு குளிர்முகப்பாக இருந்தாலும், அந்தக் கொத்தில் அதிர்வலைகள் எழுந்தது உண்மை என்பதை இந்த எச்சங்கள் காட்டுகின்றன.

அண்மைக் காலம் வரை வாயு எங்களை நோக்கியோ விலகியோ ஓடும் வேகத்தை நேரடியாக அளப்பது கடினமாக இருந்தது. 2016 இல் ஜப்பானின் ஹிட்டோமி செய்மதி பேர்சியஸ் கொத்தில் அதை அளந்து, சில வாரங்களிலேயே செயலிழந்தது. அதன் வழிவந்த எக்ஸ்ரிசம் செய்மதி 2023 செப்டெம்பரில் ஏவப்பட்டது. சென்டாரஸ் கொத்தின் நடுவில் வாயு செக்கனுக்கு 130 முதல் 310 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதை அது அளந்திருக்கிறது. படத்தின் வடிவத்தை வைத்து ஊகித்த தளும்பல் இப்போது வேகமாகவும் அளக்கப்பட்டுவிட்டது.

எங்கள் வானத்தில் எங்கே?

இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்று சொன்னபோது நண்பர் ஒருவர், “எங்கட சனத்துக்கு இது என்னத்துக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் காணி விடுவிப்பையும் பற்றி எழுத வேண்டிய இடத்தில் பேரடைகள் எதற்கு? என்னிடம் இருந்த பதில் இரண்டு. முதலாவது, உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இவற்றைத் தமிழில் வாசிக்கக் கிடைக்க வேண்டும். இரண்டாவது, அதிர்வலை என்ற சொல் எங்கள் வீடுகளில் ஒரே ஒரு பொருளோடு மட்டும் நின்றுவிடக்கூடாது.

புல்லட் கொத்தைத் தொலைநோக்கி இல்லாமல் பார்க்க முடியாது. ஆனால் அது இருக்கும் திசையைப் பார்க்கலாம். மாசி மாதத் தொடக்கத்தில் இரவு எட்டரை மணியளவில் வெளியான இடத்தில் நின்று தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கு மேலே ஒரு பிரகாசமான வெண்ணிற நட்சத்திரம் தெரியும். அகத்தியர் பெயரால் எங்கள் முன்னோர் அழைத்த நட்சத்திரம் அது. கையை நீட்டி அந்த நட்சத்திரத்திலிருந்து மூன்று விரல் அகலம் இடப்பக்கமாகச் சற்றுக் கீழே வாருங்கள். அந்த இருளில்தான், 340 கோடி ஆண்டுகளுக்கு அப்பால், அந்த அதிர்வலை இருக்கிறது.